யாருக்கு என்று எழுத இடமில்லாத படிவம்

இலண்டன்

அன்புள்ள சிவா,

நலம், நலமறிய ஆவல். பணி ஓய்வுக்குப் பிறகும் உறுப்பு தானம் பற்றிக் குடும்பங்களிடம் பேசப் போய்வருகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இறந்தவரின் உறுப்பு இன்னாருக்குத்தான் என்று சொல்ல உறவினருக்கு உரிமை உண்டா என்று கேட்டிருந்தாய். இங்கே கோயில் மண்டபத்தில் கொடையாளர் பதிவு நடந்தபோது அதே கேள்வி எழுந்தது.

எந்தெந்த உறுப்புகளைக் கொடுக்கலாம் என்பதற்கும், சமய நம்பிக்கை குறித்துக் குடும்பத்தாரிடம் பேச வேண்டுமா என்பதற்கும் படிவத்தில் கட்டங்கள் இருப்பதைப் பார்த்த பெரியவர் ஒருவர், “நம்மட ஆக்களுக்கு எண்டு எழுத எங்க இடம்?” என்றார். அதில் நியாயம் இல்லாமலில்லை. தெற்காசியரிடையே பி இரத்தப் பிரிவு அதிகம், கொடையாளரோ குறைவு; அதனால் சிறுநீரகத்துக்கு நம்மவர்கள் வெள்ளையரைவிட நீண்ட காலம் காத்திருக்கிறார்கள். அவருடைய தம்பியே வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர்.

அப்படி ஒரு கட்டம் வைக்க இங்கே யாரும் துணியாததற்கு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்தது முக்கியக் காரணம். 1998-இல் அங்கே இறந்த ஒருவரின் உறுப்புகளை, வெள்ளையருக்கு மட்டுமே என்ற நிபந்தனையோடு உறவினர்கள் கொடுக்க, அவை ஏற்கப்பட்டன. மறு ஆண்டு செய்தி வெளியானதும் பெரும் கண்டனம் எழுந்தது. 2000 பிப்ரவரியில் விசாரணைக் குழு, இன நிபந்தனை மட்டுமல்ல, எந்த நிபந்தனையுமே கூடாது என்று தீர்த்துச் சொன்னது.

அந்த வீச்சில் நியாயமான வேண்டுகோளும் அடிபட்டுப் போனதுதான் என்னை உறுத்துகிறது. 2008-இல் வட இங்கிலாந்தில் ஓர் இளம்பெண் திடீரென இறந்தாள். சிறுநீரகம் பழுதடைந்த தன் தாய்க்கு உயிரோடிருக்கும்போதே ஒன்றைக் கொடுக்க விரும்பியவள் அவள்; ஆனால் அதற்கான முறையான நடவடிக்கை தொடங்கியிருக்கவில்லை என்பதால், இரண்டு சிறுநீரகங்களும் பட்டியலில் இருந்த அந்நியர்களுக்குப் போயின. விதிப்படி சரிதான், ஆனால் அந்தத் தாயிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? 2010-இல் விதியைத் தளர்த்தினார்கள்: முதலில் நிபந்தனையின்றிச் சம்மதம் தர வேண்டும், பிறகு, உயிருக்கு மிக அவசரமான நோயாளி வேறு எவரும் இல்லையென்றால், நெருங்கிய உறவினருக்கோ நண்பருக்கோ தரும்படி கேட்கலாம்.

நான் கோடு கிழிப்பதும் அங்கேதான். தம்பிக்கு என்பது ஒரு மனிதர்மீது வைத்த பாசம். நம்மவர்க்கு என்பது, பெரியவரின் மனத்தில் வஞ்சம் இல்லாவிட்டாலும், முகம் தெரியாத ஒருவரைப் பிறப்பைப் பார்த்து விலக்குவது. ஷெஃபீல்டுக் குடும்பமும் நம்மவர்க்கு என்றுதான் சொல்லியிருக்கும். பெரியவரிடம், தம்பியைப் பற்றிய விருப்பத்தை வீட்டில் தெளிவாகச் சொல்லிவைக்கும்படி மட்டும் கூறினேன்.

பாசத்துக்கும் ஆபத்தான பக்கம் உண்டு. 2010 முதல் குடும்பத்தாருக்கு முன்னுரிமை தர அனுமதிக்கும் ஜப்பான், பிள்ளைக்காகப் பெற்றோர் உயிரை மாய்த்துக்கொள்ளக் கூடாது என்று அஞ்சி, தற்கொலை செய்துகொண்டவருக்கு அந்த உரிமையை மறுக்கிறது.

சாதியும் ஊரும் கேட்டுப் பழகிய நம் பக்கத்தில், எங்கள் ஆட்களுக்கே என்று ஒரு குடும்பம் பிடிவாதம் பிடித்தால் நீ என்ன பதில் சொல்கிறாய்? விரிவாக எழுது. வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் அன்புடன்,
கணேசன்