அட்டைப்படத்தை அப்புறம் பார்க்கலாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

என் நகைச்சுவைக் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடும் வேலையை நீயே பார்த்துக்கொள்கிறேன் என்றதில் அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் முதலில் வந்து சேர்ந்தது அட்டைப்படம். மூக்குக்கண்ணாடி போட்ட டீச்சர் ஒருத்தி பிரம்போடு சிரிக்கிறாள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை ஒழித்துவிட்டது. அட்டை வரைகிறவர்களுக்கு அந்தச் சுற்றறிக்கை இன்னும் போய்ச் சேரவில்லை. அட்டை கடைசி வேலையப்பா. உள்பக்கம் எத்தனை என்று முடிவாகாமல் புத்தகத்தின் முதுகு எவ்வளவு தடிமன் என்றே தெரியாது. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் 128 பக்கம் என்றால் 64 இலை, முதுகு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். அதில் பெயரை அடக்குவதே பெரிய பாடு.

முதலில் கட்டுரைகளைக் கழித்துக்கட்டு. பத்திரிகையில் வந்தபோது ஊரே சிரித்தது என்பதெல்லாம் கணக்கில் சேராது. தக்காளி விலையை வைத்து எழுதியது அந்த விலையோடு போய்விட்டது. டிரங்க் கால், பேஜர் கட்டுரைகளுக்கு அடிக்குறிப்பு வேண்டும். அடிக்குறிப்போடு வரும் சிரிப்பு யாருக்கும் வராது. மொய் எழுதும் மேஜை, ரேஷன் கடைக் கைரேகை மிஷின், பென்ஷன் நேர்காணல், எலக்‌ஷன் டியூட்டி இதெல்லாம் நிற்கும். சாமான் மாறினாலும் மனுஷர் மாறவில்லை. ஒரே விஷயத்தைத் தொட்ட இரண்டை அடுத்தடுத்து வைக்காதே. சுமாரானதை முதலிலும் கடைசியிலும் வைக்காமல் நடுவுக்குப் பிறகு ஒளித்துவை.

பெயரை மாற்றிவிட்டோம், இனிப் பயமில்லை என்றும் நினைக்காதே. சிற்றூரில் பெயரை மாற்றி, ஓட்டை சைக்கிளையும் தெருவையும் அப்படியே விட்டால் ஆளை எல்லோருக்கும் தெரியும். சைக்கிளை ஸ்கூட்டராக்கு, கணக்கு வாத்தியாரைப் புவியியலாக்கு. முடியாவிட்டால் கட்டுரையையே எடுத்துவிடு.

தட்டச்சில்தான் பாதி சிரிப்பு சாகிறது. என் கையெழுத்துப் பிரதியில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பழகிய கை. தட்டச்சு செய்யும் பிள்ளைக்கு அந்த எழுத்துகளை ஒரு தாளில் பழசும் புதுசுமாக எழுதிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் தோன்றியதை அடித்துவைக்கும். பழைய ஃபான்டில் இருக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றினால் மூன்றைக் கட்டாயம் பார்: ஔ வர வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்து நிற்கும், துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கும், மேற்கோள் குறிகள் காணாமல் போயிருக்கும். உரையாடலில் மேற்கோள் போனால் யார் யாரைத் திட்டினார் என்றே தெரியாது.

குரல் தட்டச்சில் போடலாமே என்பாய். அது நிறுத்தக்குறியைச் சரியாகப் போடாது, கேட்கிற பேச்சையும் தன் இஷ்டத்துக்குத் திருத்தும். கிழவி "வாரேன்யா" என்றால் அது "வருகிறேன் ஐயா" என்று எழுதிவைக்கும். அந்த இடத்தில் வாசகன் ஏன் சிரிக்க வேண்டும்? தட்டச்சு செய்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு: மேற்கோளுக்குள் இருப்பதில் கைவைக்கக் கூடாது, வெளியே இருப்பதில் ஒற்றுப்பிழையை விடக் கூடாது. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' என்றால் யானை செத்திருக்க வேண்டும்.

பிழைதிருத்தும் மென்பொருளை நம்பாதே. "தலைமையாசிரியர் பெற்றோரிடம் குரை கேட்டார்" என்பதில் அதற்குக் குற்றமே தெரியாது, ஏனென்றால் 'குரை'யும் நல்ல தமிழ்தான். மெய்ப்பை, அதாவது பிழைபார்க்க எடுக்கும் அச்சுப்படியை, இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். தலைப்புகளைத் தனியாக ஒருமுறை பார். எழுத்து பெரிதாக இருந்தால் பிழை இருக்காது என்று கண் தானே முடிவுகட்டிவிடும். இரண்டாம் மெய்ப்பில் திருத்திய வரியை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் பார். ஒன்றைத் திருத்தும்போது பக்கத்தில் இன்னொன்று முளைப்பது அச்சக வழக்கம். பொருளடக்கத்தில் பக்க எண்ணை எல்லாம் முடிந்த பிறகே போடு.

பக்க அமைப்பை இன்டிசைனில் செய்தால் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று கேள். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழில் சொல் நீளம், அதனால் வரியை இரு பக்கமும் சமமாக இழுத்தால் நடுவில் பொந்து விழும். சொல்லை உடைக்கலாம், நமக்கு இடைக்கோடு தேவையில்லை. ஆனால் புள்ளி வைத்த எழுத்து வரி தொடக்கத்தில் வரவே கூடாது.

நகைச்சுவைப் புத்தகத்துக்கு இன்னும் ஒரு கண்டிப்பு உண்டு. கடைசி வரி ஒன்று மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்கு ஓடக் கூடாது. அதைக் காண்பதற்குள் வாசகன் காப்பி குடிக்கப் போய்விடுவான். கேலிச்சித்திரம் அந்த வரிக்கு முந்தியும் வரக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் வேட்டி கிழிந்த படத்தைப் போட்டுவிட்டு, வேட்டி கிழியப்போகிறது என்று நான் மூன்று பத்தி முஸ்தீபு பண்ணுவது வீண். ஆச்சரியக்குறிகளில் முக்கால்வாசியை அடித்துவிடு.

கணக்கு இதுதான். டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் பிடிக்கும். 600 சொல் கட்டுரை, தலைப்போடு, மூன்றரைப் பக்கம். அடுத்தது புதுப் பக்கத்தில் தொடங்குவதால் நான்கு என்றே வைத்துக்கொள். ஒரு ஃபாரத்துக்கு, அதாவது ஒன்றாக அச்சாகி மடிகிற தொகுதிக்கு, 16 பக்கம். 128 என்றால் சரியாக எட்டு ஃபாரம். 130 ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தைக் கிளப்ப வேண்டும், அப்போது ஒரு கட்டுரையைத் தூக்கு. அணிந்துரை ஒன்று போதும். நாலு பேர் பாராட்டிவிட்டால் அப்புறம் வாசகன் எதற்கு?

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதே. டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசமாகவே தருகிறார்கள். மின்னூல் போட்டால் அதற்குத் தனி எண். புத்தகம் வந்த 30 நாளுக்குள், 1954 சட்டப்படி, சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். ஒப்பந்தம் போட்டால் எத்தனை ஆண்டுக்கு உரிமை என்பதை எழுதச் சொல். எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். அச்சகத்தைச் சிவகாசியில் பார்ப்பதானால் ஆடிப்பெருக்குக்கு முன்னால் முடித்துக்கொள். அதற்குப் பிறகு மார்கழி வரை அங்கே காலண்டர்தான் ராஜா, நம் கட்டுரையைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

முந்நூறு பிரதிக்கு உள்ளே என்றால் டிஜிட்டலில் அடி. ஆஃப்செட் என்றால் பிளேட் கூலியே விலையை ஏற்றிவிடும். சொந்தக்காரர்கள் எல்லோரும் வாங்குவார்கள் என்று எண்ணிக்கையைக் கூட்டாதே, அவர்கள் எல்லோரும் இலவசப் பிரதிக்கு ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார்கள்.

முதல் மெய்ப்பை பிடிஎஃப்பாக அனுப்பாமல், ஏ4 தாள்களில் பின்பக்கத்தை வெறுமையாக விட்டு அச்செடுத்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு, கூரியரில் அனுப்பு. சிவப்பு மை என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா