அந்த 'அரிது' நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் படித்தேன். "சிக்கல்கள் அரிது, கவலை வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கொடுத்துவைத்தவர்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் 31 வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன் நான். நாலு வருடத்துக்கு முன் சேலத்தில் வலது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டேன். வலி போனது, அதை மறைத்தால் பாவம். ஆனால் ஒரு வருடம் கழித்துச் சத்தம் வர ஆரம்பித்தது. நாற்காலியை விட்டு எழுந்தால், படியேறினால், 'கிறீச்'. பேரன் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து வீட்டிலுள்ள கதவுக் கீலுக்கெல்லாம் விட்டுப் பார்த்தான். அப்புறம்தான், "தாத்தா, உங்ககிட்ட இருந்துதான் வருது" என்றான்.

20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அறுவை செய்த மருத்துவமனையில் போய்க் கேட்டால், "வயசானா சத்தம் வரத்தான் செய்யும்" என்று சிரித்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார்: செயற்கை மூட்டின் பந்து, அது சுழலும் கிண்ணம் இரண்டுமே செராமிக்காக (பீங்கான் மாதிரி) இருந்தால் சிலருக்கு இப்படிக் கத்துமாம். கிண்ணம் உட்கார்ந்த கோணமும் காரணமாகலாம், செராமிக் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம். "என்ன மூட்டு வைத்தார்கள்?" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லை. மருத்துவமனையில் பழைய ஃபைல் கிடைக்கவில்லையாம். ஒவ்வொரு காபி மூட்டைக்கும் சீட்டு எழுதியவன் நான். என் உடம்புக்குள் இருக்கும் சரக்குக்குச் சீட்டு இல்லை.

2010-ல் ஓர் உலோக இடுப்பு மூட்டை, அதைத் தயாரித்த கம்பெனியே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது தாங்கள் அறியாததல்ல. அந்த மூட்டிலிருந்து கோபால்ட், குரோமியம் என்ற உலோகங்கள் ரத்தத்தில் கலந்த விவகாரம். நம் நாட்டில் அதை வைத்துக்கொண்ட பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இதையெல்லாம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் படித்த ஞாபகம் எனக்கில்லை. ஏற்காடு என்றால் உங்களுக்கு மே மாத மலர்க் கண்காட்சிதான். போன வருடம் பஸ் படியின் உயரம் பற்றி எழுதிய கடிதத்தை இரண்டு வரியாக வெட்டி, என் பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். சரி, போகட்டும்.

ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள், போதும். மூட்டு வரும் பெட்டியில் கம்பெனி, அளவு, லாட் நம்பரோடு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்த முறை என் பெயர் வேண்டாம். கீழே உள்ளபடி போட்டால் பிழை வராது.

ஏற்காடு வாசகர்