மூணு மா நிலமும் உன் காலும்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். வடவாற்றில் தண்ணீர் வந்து நாற்று விட்டாயிற்று. உன் அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நேற்று வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் கதவு மூலையில் உன் செயற்கைக் கால் நின்றது, அதன்மேல் ஈரத்துண்டு கிடந்தது. கேட்க வாய் வந்தது, அம்மா பக்கத்தில் இருந்தாள், சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

புண் இருந்தால் காற்றாட விடு. டாக்டரிடம் காட்டு.

என் அக்கா மகள் ஒன்று படித்துக் காட்டினாள். தொடை எலும்புக்குள்ளேயே டைட்டானியத் தண்டை வைத்து, அதிலேயே காலை மாட்டிவிடுகிறார்கள், மிச்சக் காலை நுழைக்கிற கிண்ணம் மாதிரியான சாக்கெட்டே கிடையாது, வியர்த்து உரசும் பேச்சே இல்லை. டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தவர் ஸ்வீடன் டாக்டர் பிரோனெமார்க், 1965-ல் முதலில் பல்லுக்குத்தான் வைத்தார். 1990-ல் தொடைக்கும் வந்தது, அவர் மகன் ரிக்கார்ட் அதையே தன் வேலையாக எடுத்து வளர்த்தார். அமெரிக்காவில் 2020-ல் முழு அனுமதி கொடுத்துவிட்டார்கள். கால் வைத்தால் தரை மேடா பள்ளமா என்று எலும்பு வழியாகவே தெரியுமாம். அதைக் கேட்டதும் வரப்பில் நீ எனக்கு முன்னால் ஓடியதுதான் ஞாபகம் வந்தது.

அவசரப்படாதே. தோலைத் துளைத்துத் தண்டு வெளியே வருகிற இடம் கடைசிவரை மூடாது, தினமும் சுத்தம் பண்ண வேண்டும், விட்டால் சீழ் பிடித்து எலும்புக்கே போகும். பழகி நடக்கவும் பல மாதம் ஆகும். சிகரெட் பிடித்தால் எலும்பு ஒட்டுவது கெடும் என்கிறார்கள், அதையும் மனதில் வை. உனக்கு ஒத்துவருமா என்று முதலில் டாக்டரைக் கேள். பணத்தை நினைக்காதே, ஆற்றோரத்து மூணு மா அப்படியே இருக்கிறது. ஒத்தைக் காலோடு போய் வேலை வாங்கினவன் நீ, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இரண்டு பொங்கலுக்கு வரவில்லையே தம்பி.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். உன் அக்கா கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக்கூடாது என்று காலையிலிருந்து ராத்திரி வரை உன்னைக் காலைக் கழற்ற விடாமல் நிற்க வைத்தவன் நான்தான். பந்தி முடிந்து நீ கழற்றியபோது வெள்ளை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். நான் பார்த்தேன். நீயும் நான் பார்த்ததைப் பார்த்தாய். வலிக்குதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் சமையல்காரருக்குக் கணக்கு முடிக்கப் போய்விட்டேன். அன்றிலிருந்து நீ வலி என்று என்னிடம் சொன்னதே இல்லை.

நடவுக்கு முன்னால் ஒருதரம் வா. காலை மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்றில்லை, ஊன்றுகோலோடு வா, பகல் பஸ்ஸிலேயே வா. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன்.

அப்பா