முறைப்பாடு: உங்கள் அம்ப்ளிஃபயரின் இரைச்சலும் எங்கள் வீட்டு எர்த்தும்

முள்ளியவளை

முகாமையாளர் அவர்களுக்கு,

சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை உங்கள் கிளிநொச்சிக் கிளையில் அம்ப்ளிஃபயரும் (அம்ப்) கசெற் டெக்கும் சேர்ந்த செற் ஒன்றை 58,000 ரூபாவுக்கு வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் உண்டு. பிளே பட்டனை அமத்தியதும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். உள்ளே கசெற் இல்லாவிட்டாலும் அதே இரைச்சல்தான்.

இரண்டு தரம் வந்த உங்கள் திருத்துநர், "இந்தப் பக்கத்து வீடுகளில எர்த் சரியில்லை ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காசு கொடுத்து எர்த்தைப் புதிதாக அடிப்பித்தேன். இரைச்சல் அசையவில்லை.

பிறகு நானே பார்த்தேன். உங்கள் கைநூலில் உள்ளபடி டெக்கை அம்பின் மேல்தான் வைத்திருந்தேன். ஓடவிட்டபடியே அதை இரண்டு கையாலும் தூக்கினேன். ஒரு சாண் உயர்ந்ததும் இரைச்சல் நன்றாகத் தணிந்தது. மெல்லப் பக்கவாட்டில் திருப்ப, ஓரிடத்தில் இல்லையென்றே ஆகிவிட்டது. டெக்கைத் தூக்கினால் எர்த் திருந்துமா? டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டுக்குள் இருப்பது கம்பிச் சுருள். கீழேயிருக்கும் அம்பின் ட்ரான்ஸ்போமரில் கசியும் 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. அதை எர்த் வயர் மறிக்காது. விலக்கி வைத்தால்தான் குறையும். தூரம் இரட்டித்தால் புலம் ஏறக்குறைய எட்டிலொன்று.

விளம்பரத்தில் 'உருக்குக் கவசம்' என்று போட்டிருந்தீர்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தத்தை அம்பின் பக்கத் தகட்டில் வைத்தேன். வழுக்கி விழுந்தது. அலுமினியமோ என்னவோ, காந்தம் ஒட்டாத மெல்லிய தகடு இந்தப் புலத்தைத் தடுக்கப் போவதில்லை.

அப்பா அண்ணாவியார். அவர் பழக்கிய கோவலன் கூத்து இரண்டு கசெற்றில் இருக்கிறது. 2009இல் அம்மா அரிசி வாளிக்குள் புதைத்துக் கொண்டுவந்தவை. கணினியில் ஏற்றத்தான் இந்தச் செற்றையே வாங்கினேன். இப்போது மத்தளத்தின் தொப்பிப் பக்கத்துத் தாழ்ந்த சத்தம் முழுக்க இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது.

டெக்கையும் அம்பையும் இணைக்க நீங்கள் தந்த வயர் அரை மீற்றர்கூட இல்லை. நீளமானது வாங்கி டெக்கை மேசையின் மறுமுனையில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். வளைய வடிவ டொரொய்டல் ட்ரான்ஸ்போமர் போட்ட அம்ப் ஒன்றை மாற்றித் தாருங்கள், அதில் கசிவு வெகு குறைவு. இல்லையேல் முழுப் பணத்தையும் வயரின் விலையையும் தாருங்கள். 14 நாளுக்குள் பதில் இல்லாவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதம் போகும்.

மாற்றி அனுப்புவதென்றால் வான் வாகனத்தில் அனுப்புங்கள். எங்கள் ஒழுங்கைக்குள் லொறி திரும்பாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்