எல்லா மனைகளும் வந்து முட்டுவது ஒரே சானல்கரை ரோட்டில்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் தரும் பொறுப்பில் இருக்கும் எல்லா அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நாகர்கோவிலின் மேற்குப் பக்கம், அனந்தனாறு என்ற பாசனக் கால்வாயின் கரையில், எங்கள் பேச்சில் சானல்கரையில், குடியிருக்கிறேன். 2003ல் நாங்கள் வீடு வைத்து வந்தபோது எங்கள் தெருவில் 11 வீடுகள். ஒரு பக்கம் சானல், மறுபக்கம் ஏலா, அதாவது நெல்வயல் வெளி. ஜூன் தொடக்கத்தில் அணை திறந்து சானலில் தண்ணீர் வந்துவிட்டால் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் நடவு தொடங்கிவிட்டது என்று பொருள். கரையில் ஓடும் ரோட்டில் காலையில் இரண்டு சைக்கிள், பால்காரர் வண்டி, எப்போதாவது ஒரு ஆட்டோ போகும். அந்த ரோடு அதற்காகத்தான் போடப்பட்டது.

இப்போது அதே ரோட்டில் ஆறு மனைப்பிரிவுகளின் வாசல் திறக்கிறது. ஏழாவதுக்கு வயலில் மண் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை இனியும் தள்ளிப்போட முடியவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வீடு கட்டி வருகிறவர்கள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் வீடு நிற்கும் ஏழு சென்டும் ஒருகாலத்தில் வயலாக இருந்ததுதான். நமது மாவட்டத்தில் இடம் குறைவு, ஆள் அதிகம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். குமரியில் 1,111 பேர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஐந்து சென்ட் வாங்குகிறவர்களும், பிள்ளைகளின் படிப்புக்காகக் கிராமத்திலிருந்து டவுன் பக்கம் வருகிறவர்களும்தான் எங்கள் புது அயல்வீட்டுக்காரர்கள். அவர்களும் எங்களோடு சேர்ந்து இதே ரோட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

சிக்கல் ஒப்புதல் தரும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு மனைப்பிரிவும் தனிக் கோப்பாக மேசைக்கு வருகிறது. அந்தக் கோப்பில் எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே 24 அடி ரோடு காட்டியிருப்பார்கள். அதைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தும் இருப்பார்கள். மனை எண்கள், அளவுகள், வரைபடம் எதிலும் குறை இருக்காது. ஆனால் அந்த 24 அடி ரோடு வெளியே வந்து முட்டுவது எங்கள் சானல்கரை ரோட்டில். மதகுப் பக்கம், மின்கம்பத்துக்கும் கரை விளிம்புக்கும் நடுவில் டேப் பிடித்து நானே அளந்தேன். தார் 11 அடி. ஒரு கோப்பைப் பார்க்கும்போது 20 வீடுகள்தானே, தாங்கும் என்று தோன்றலாம். ஆறு கோப்புகளையும் ஒன்றாக வைத்து, இதில் எத்தனை வீடுகள், எத்தனை வண்டிகள், எல்லாம் எந்த வழியாக வெளியே போகும் என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. நாங்கள் கேட்பது அந்தக் கூட்டலைத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் ரோடு நீங்கலாக 10 சதவீத இடத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைப்பிரிவு என்றால், இடத்துக்குப் பதில் அதன் அரசு வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டவும் வழி உண்டு. 3,000க்குக் கீழே இருந்தால் எதுவும் தேவையில்லை. நம் கணக்கில் 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். எங்கள் ஏலாவில் வந்த பிரிவுகளைப் பாருங்கள்: 70 சென்ட், 68 சென்ட், 72 சென்ட். அடுத்தடுத்து கிடக்கும் வயல்கள், நடுவில் ஒரு வரப்பு மட்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் விதிமீறல் இல்லை. சேர்த்துப் பார்த்தால் நான்கு ஏக்கருக்கு மேல் குடியிருப்பு ஆகிவிட்டது. பிள்ளைகள் பந்து விளையாட ஒரு சென்ட் பொது இடம் கிடையாது. அவர்களும் ரோட்டில்தான் விளையாடுகிறார்கள், டிப்பர் போகிற அதே ரோட்டில்.

டிப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயலை மேடாக்க மண் வேண்டும். ஒரு மனைப்பிரிவுக்கு நாள் முழுக்க லாரிகள் வந்துகொண்டே இருக்கும். அதன் பிறகு ஜல்லி, எம்சாண்ட், கம்பி, ரெடிமிக்ஸ் வண்டி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மாதக்கணக்கில் ஓட்டம். இது தரையில் போட்ட ரோடு அல்ல. தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண்கரை. அதன் மேல் பாரம் ஏறி இறங்கும்போது கரை உள்பக்கமாகச் சரிகிறது. போன மழைக்கு முன் தாரில் விரல் நுழையும் அளவுக்கு நீளவாக்கில் விரிசல் இருந்தது. இப்போது என் உள்ளங்கை போகிறது. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் பல இடங்களில் சானல்கரைகள் உடைந்து தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் கரை அப்போது தாங்கியது. இந்த ரோட்டில் அன்று இவ்வளவு பாரம் ஓடவில்லை.

மழை என்றதும் 2023 டிசம்பரையும் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய மனைகள் ரோட்டைவிட இரண்டு அடி, மூன்று அடி உயரத்தில் நிற்கின்றன. பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே. முன்பு மழைத் தண்ணீரை ஏலா வாங்கிக்கொள்ளும். வயலுக்குள் போன மடைகள் மூன்று; அவற்றில் இரண்டின் வாயை மண்ணால் மூடிவிட்டார்கள். அந்த டிசம்பரில் எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டாவைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எண்பது வயதுக்கு மேல் ஆகிவிட்ட மனிதர். வயலில் இறங்கி நின்ற கால் இது, என் முற்றத்திலேயே நீந்த வேண்டியதாகிவிட்டதே என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அடுத்தது, என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்த நாள். கடந்த வருடம் ஒரு காலையில் என் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது. 108க்கு அழைத்தோம். வண்டி சீக்கிரமாகவே வந்தது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எங்களுக்கு மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் மதகுப் பக்கம் ரெடிமிக்ஸ் லாரி ஒன்று கான்கிரீட் இறக்கிக்கொண்டு நின்றது. எதிரே ஸ்கூல் வேன். பின்னால் பைக்குகள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. யாருக்கும் பின்னால் எடுக்க இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தையை உட்காரவைத்து, வேனிலிருந்து இறங்கிய டிரைவரும் கான்கிரீட் வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேரும் சேர்ந்து, ஆம்புலன்ஸ் நின்ற இடம் வரை தூக்கி வந்தார்கள். அத்தை பிழைத்துக்கொண்டார். அடுத்த முறை வீட்டில் ஆள் இல்லாத நேரமாக இருந்தால், அல்லது மழை நேரமாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்த வாரமே மனு எழுதினோம். ஒரு அலுவலகத்தில், கரை எங்களுடையது, தார் எங்களுடையது அல்ல என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், தார் நாங்கள் போட்டோம், கரையைத் தொட எங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில், மனைப்பிரிவுக்கு உள்ளே இருப்பதைத்தான் பார்ப்போம், வெளியே இருப்பது வேறு துறை என்றார்கள். மூன்று பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மூன்று பேர் சொன்னதும் அவரவர் விதிப்படி சரியாகவும் இருக்கலாம். ரோடு மட்டும் அப்படியே கிடக்கிறது.

பஸ் விஷயம் சுருக்கமாக. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் 2021ல் வந்தது. எங்கள் தெருவிலிருந்து வடசேரிக்கும் அண்ணா பஸ் நிலையத்துக்கும் கடை வேலைக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்க வேண்டுமானால் முதலில் பஸ் நிற்கும் இடத்துக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். இருட்டிய பிறகு ஓரம் இல்லாத ரோட்டில், ஒரு பக்கம் சானல். அதனால் முடிந்தவர்கள் ஸ்கூட்டர் வாங்கிவிட்டார்கள், கடன் வாங்கியாவது. வீட்டுக்கு இரண்டு வண்டி என்பது எங்கள் பகுதியில் ஆடம்பரம் அல்ல, வேறு வழியில்லாமல் வந்தது. பஸ் இல்லாத வழித்தடங்களுக்காகவே 2025ல் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். பாதையில் குறைந்தது 65 சதவீதம் பஸ் சேவை இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்கிறது அந்தத் திட்டம். சானல்கரையை ஒட்டிய குடியிருப்புகள் அதற்குப் பொருந்தும் என்றே நினைக்கிறோம். ஆனால் மினி பஸ் வந்தாலும் மதகுப் பக்கம் திரும்ப முடியாது. மறுபடியும் அந்த 11 அடியில்தான் வந்து நிற்கிறோம்.

பெரிய ரோடுகளுக்கு எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2018ல் பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலங்கள் திறந்தார்கள். திருவனந்தபுரம் போகிற வண்டிகளுக்கு நல்ல மாற்றம். வீடு கட்ட அனுமதி வாங்குவதும் எளிதாகிவிட்டது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் இல்லை, வரவேற்கிறோம். வீடு சீக்கிரமாக எழும்புகிறது. அந்த வேகத்தில் நூறில் ஒரு பங்கு கூட வீட்டுக்குப் போகிற வழிக்கு இல்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஏழாவது மனைப்பிரிவின் கோப்பை நிராகரிக்கச் சொல்லவில்லை, நிறுத்தி வையுங்கள். நீர்வளத்துறை, உள்ளாட்சி, நகர் ஊரமைப்பு, போக்குவரத்து போலீஸ் நான்கு பேரும் ஒரே நாளில், ஒன்றாக, இந்தக் கரையில் நடந்து பார்க்கட்டும். ஏற்கெனவே வந்த ஆறு பிரிவுகளையும் இதையும் சேர்த்து ஒரே குடியிருப்பாகக் கணக்கிடட்டும். கரையின் உள்பக்கம் தடுப்புச் சுவர், மூடிய மடைகளைத் திறப்பது, மதகை அகலப்படுத்துவது, இந்த மூன்றும் முடிந்த பிறகு அடுத்த மனையை விற்கட்டும். அதற்கான செலவில் மனை விற்கிறவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும். லாபம் இந்த ரோட்டை வைத்துத்தானே வருகிறது. விளம்பரப் பலகையில் "மெயின் ரோட்டுக்கு மிக அருகில்" என்று எழுதியிருக்கிறார்கள். அருகில்தான், போய்ச் சேர முடிந்தால்.

இந்த வேலைகள் முடியும்வரை, பள்ளி விடும் நேரத்திலும் தொடங்கும் நேரத்திலும் மண் லாரி இந்தக் கரையில் ஏறக் கூடாது. இதற்குப் பணம் தேவையில்லை, ஒரு உத்தரவு போதும். நாளைக்கே செய்யலாம்.

தெருவை அகலப்படுத்த எங்கள் சுற்றுச்சுவரை உள்ளே தள்ள வேண்டியிருந்தால், பழைய வீட்டுக்காரர்களில் ஒன்பது பேர் எழுதித் தர சம்மதித்திருக்கிறோம். என் வீட்டில் வேலியோரம் நிற்கும் செந்தெங்கு இரண்டும் போகும். என் கணவர் வைத்த மரங்கள். பரவாயில்லை, போகட்டும்.

ஆய்வுக்கு வருவதை முன்கூட்டிச் சொல்லி ரோட்டைச் சுத்தம் செய்ய வைக்க வேண்டாம். ஏதாவது ஒரு பள்ளி நாளில் காலை 8 மணிக்கு வாருங்கள். ஜீப்பை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு, மதகு வரை எங்கள் பிள்ளைகளோடு நடந்து வாருங்கள். நாங்கள் அங்கே காத்திருப்போம்.

இப்படிக்கு,
சானல்கரைத் தெருவில் 2003 முதல் குடியிருக்கும் ஒரு தாய்,
பழைய வீட்டுக்காரர்கள், புதிய வீட்டுக்காரர்கள் எல்லோருக்காகவும்.