மேசைவரை கொண்டு சேர்த்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச மேசைப்பந்துப் போட்டியொன்றில் சக்கர நாற்காலிப் பிரிவில் விளையாடிவிட்டு அண்மையில் ஊர் திரும்பியிருக்கிறேன். குழுநிலையில் ஒரு போட்டியில் வென்றேன். ஏனையவற்றில் தோற்றதால் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அப்பால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து பாதைக்கு வரவே செங்குத்தான படிகள் ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த நான், வெளிநாட்டு அரங்கொன்றில் மேசையின் முன்னால் அமர்ந்ததே பலருடைய உழைப்பால் நடந்தது என்பதனால், பதக்கம் இல்லாவிட்டாலும் இம்மடலை எல்லோரும் அறிய எழுதுவது என் கடமை.

முதல் நன்றி எங்கள் டிவிஷன் இளைஞர்களுக்கு. வேலை முடிந்து வந்த களைப்போடு என்னை நாற்காலியோடு தூக்கி, கொழுந்து லொறி வரும் பாதைவரை கொண்டு போய்விடுவார்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த அந்தப் படிகள் எப்படி வழுக்கும் என்பது மலையகத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூக்கிவிட்டதோடு அவர்கள் ஓய்ந்துவிடவுமில்லை. நின்று ஆடுபவர் அடிக்கும் பந்து வரும் கோணம் வேறு, அமர்ந்து ஆடுபவர் அடிக்கும் பந்து வரும் கோணம் வேறு என்று எங்கள் விளையாட்டு ஆசிரியர் விளக்கியதும், பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்தே என்னோடு விளையாடத் தொடங்கினார்கள். சக்கர நாற்காலி ஆட்டத்தில் சேர்விஸ் பந்து எதிராளியின் பக்கத்தில் பட்டபின் மேசையின் பின்கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். ஒருமுறை பட்டுப் பக்கவாட்டில் வெளியேறினாலோ வலையை நோக்கித் திரும்பினாலோ அதை மீண்டும் போட வேண்டும். தங்களுக்கு எந்தத் தேவையும் இல்லாத இந்த விதியை எனக்காகப் பழகி, மாலைதோறும் அதன்படியே பந்து போட்டார்கள். நான் வென்ற அந்தப் போட்டியில், எதிராளியின் தலைக்கு மேலே எழும்படி உயரமாகத் தூக்கி, மேசையின் பின் ஓரத்தில் விழச் செய்த பந்துகளே எனக்குப் பெரும்பாலான புள்ளிகளைத் தந்தன. எழுந்து நிற்க முடியாத ஒருவருக்கு அத்தகைய பந்தைத் திருப்புவது மிகக் கடினம் என்பதை அந்தக் கதிரைகளில் உட்கார்ந்திருந்த தம்பிமாரே எனக்குக் காட்டிக் கொடுத்தார்கள்.

ஹட்டன் நகரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கான மேசையின் கால்கள் அதன் பின்கோட்டிலிருந்து குறைந்தது 40 சென்டிமீற்றர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி உள்ளே போகாது, முழங்கால் இடிக்கும். எங்களுக்குக் கிடைத்த பழைய மேசையின் கால்களை அறுத்து, உள்ளே தள்ளி ஒட்டவைத்து, உயரம் 76 சென்டிமீற்றர்தானா என்று நான்கு மூலையிலும் அளந்து பார்த்துவிட்டே அவர் அதை லொறியில் ஏற்றினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்த மேசையை வைப்பதற்கு, சக்கரம் தரையைக் கெடுத்துவிடும் என்று வேறோர் இடத்தில் மறுப்பு வந்தபோது, தோட்டத்துக் கோயில் நிர்வாக சபையினர் தங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்டதுடன், வாசற்படியின் மேல் சீமெந்துச் சரிவும் போட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சரிவில் இப்போது கோயிலுக்கு வரும் வயதானவர்களும் ஏறுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எங்கள் விளையாட்டு ஆசிரியருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. உதவி கேட்டுப் போன இடங்களில், இது உண்மையான போட்டிதானா, மனம் நோகாமல் இருக்க நடத்தும் விழாவா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த முதலாவது பராலிம்பிக்கிலிருந்தே மேசைப்பந்து இடம்பெற்று வருவதையும், 1 முதல் 5 வரை சக்கர நாற்காலிப் பிரிவுகள், 6 முதல் 10 வரை நின்று ஆடும் பிரிவுகள், 11ஆவது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது என்பதையும் அவர் ஒவ்வொரு கடையிலும் பொறுமையாக விளக்கினார். டோக்கியோவில் 2021இல் இந்தியாவின் பவினா பட்டேல் 4ஆம் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்ற ஆட்டங்களைக் கைத்தொலைபேசியில் எனக்குக் காட்டி, அவர் நாற்காலியை எங்கே நிறுத்துகிறார் என்பதை மட்டும் பார்க்கச் சொன்னதும் அவர்தான்.

பிரிவு நிர்ணயத்துக்கான மருத்துவ அறிக்கையை என் முதுகெலும்புப் பாதிப்பின் விவரங்களோடு நிதானமாக எழுதித் தந்த வைத்தியருக்கும், ஆட்டத்தின்போது பாதம் தரையில் பட்டால் புள்ளி போய்விடும் என்பதை அறிந்து கால்களை மிதிபலகையோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டியைத் தைத்துக் கொடுத்த தையற்கார அக்காவுக்கும், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவோடிரவாக வேன் ஓட்டிய மாமாவுக்கும், பணம் தந்த ஹட்டன் கடைக்காரர்களுக்கும் நன்றி.

கொழுந்து மடுவத்தில் நின்று தங்கள் நாட்சம்பளத்திலிருந்து பணம் சேர்த்த பெண்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நிறுவைக்கு வரிசையில் நின்றபடியே, முதுகுக் கூடையை இறக்கும் முன்னர், முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தந்தார்கள். என் அம்மாவும் அந்த வரிசையில் நின்றவர். யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதி வைக்க அவர்கள் விடவில்லை; ஆகவே பெயர் சொல்லாமல் அனைவரையும் வணங்குகிறேன்.

மேசை கோயில் மண்டபத்திலேயே இருக்கிறது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இரண்டு பிள்ளைகள் பழக வரத் தொடங்கியிருக்கிறார்கள். நடக்க முடியாத பிள்ளையோ, கை கால் பாதிப்புள்ள பிள்ளையோ உங்கள் லயத்தில் இருந்தால் சனிக்கிழமை பிற்பகல்களில் அழைத்து வாருங்கள். மட்டைகள் இருக்கின்றன, நானும் இருப்பேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை