கூரையில் கை வைக்குமுன் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

சேலம் கடைவீதியில் ஒழுகும் பழைய ஹோட்டல் கட்டடம் ஒன்றைச் செப்பனிடப் பேச்சு நடக்கிறது. நூறு வயது என்கிறார் ஒருவர், நூற்றைம்பது என்கிறார் இன்னொருவர். வயதைக் கட்டடமே சொல்லும். வேலை தொடங்கிவிட்டால் சொல்லாது.

மங்களூர் ஓடு நாலைந்தைக் கழற்றித் திருப்பினால் அடியில் தொழிற்சாலையின் பெயர் இருக்கும். சிலவற்றில் ஆண்டும் உண்டு. மங்களூரில் இவ்வகை ஓட்டுத் தொழிற்சாலை வந்ததே 1865-இல்தான். ஆனால் ஓடு மாற்றக்கூடியது. அது கூரையின் வயது, சுவரின் வயதல்ல. இரும்பு உத்திரத்தின் பெயின்ட்டைச் சுரண்டினால் ஆலையின் பெயர் தெரியலாம். இவற்றைவிட நம்பகமானது பக்கத்துக் கடைகளின் பழைய கிரயப் பத்திரம். நான்கெல்லையில் "இன்ன ஹோட்டலுக்குக் கிழக்கு" என்றிருந்தால், அந்தத் தேதிக்குள் ஹோட்டல் வந்துவிட்டது உறுதி. சேலம் நகராட்சி அமைந்தது 1866-இல். பழைய வரிப் பதிவேடுகளையும் கேட்கலாம்.

இனி ஒழுகல். ஓடு வேய்ந்த பகுதி போக, மாடியில் இருப்பது மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய வகைத் தட்டைத் தளம்: தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் ஒரு அங்குலக் கனச் செங்கற்களைக் குத்தாக, குறுக்குச் சாய்வாக அடுக்கிய வரிசை, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். நான்கு அங்குலம் போட்டு மூன்றாக இறங்கும்வரை, கடுக்காய், வெல்ல நீர் தெளித்துக் கட்டையால் அடிப்பார்கள். மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு.

ஒழுகியதும் இதன்மேல் இரண்டு அங்குல கான்கிரீட் போடுவதுதான் பெரிய தவறு. சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ. 300 சதுர அடி அறைக்கு மூன்று டன்னுக்கு மேல். ஏற்கெனவே இறங்கிய ஈரமும் மேலே போக வழியின்றிக் கட்டைகளில் நிற்கும். கட்டை நடுவில் கெடுவது அரிது. சுவருக்குள் செருகிய முனைதான் முதலில் மக்கும், அதுவும் ஆவி படியும் சமையற்கட்டுப் பக்கம். ஒவ்வொரு முனையையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்த முனையை வெட்டி, இருபுறமும் இரும்புச் சேனல் (‘ப’ வடிவச் சட்டம்) வைத்து போல்ட் போட்டால் போதும். மற்றக் கட்டைகளைத் தொட வேண்டியதில்லை. விரிசல் விட்ட தட்டோட்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே பதிக்க வேண்டும். சுவருக்கும் சிமென்ட் பூச்சு ஆகாது; கீழ் மூன்றடி உப்புப் பூத்துப் பெயர்ந்துவிடும்.

வேலை தொடங்குமுன் ஓட்டின் அடி, உத்திரத்தின் எழுத்து, பத்திரத்தின் நான்கெல்லை மூன்றையும் படமெடுத்து, சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி கொடுக்குமாறு உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

— பழைய கட்டடப் பராமரிப்பில் உள்ள பொறியாளர்கள், கொத்தனார்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.